உலாவியின் தன்னிரப்பலைத் தடுக்கும் வலைத்தளங்கள்

தன்னிரப்பல் என்பது பெயர், முகவரி, கடவுச்சொல் முதலியவற்றை நினைவில் வைத்திருந்து, படிவங்களை உலாவியே நிரப்பித் தரும் வசதியாகும். இதனை இயக்குவதும் நிறுத்துவதும் பயனரின் விருப்பம். ஆயினும் பல வலைத்தளங்கள் அவ்விருப்பத்தை மீறி இவ்வசதியைத் தடுக்கின்றன. உலாவியின் பின்செல் பொத்தானும் சில தளங்களில் இவ்வாறே செயலிழக்கச் செய்யப்படுகிறது.

கடவுச்சொற்கள்

1999இல் வெளிவந்த இன்டர்நெட் எக்சுபுளோரர் 5, ஒரு பெட்டியைத் தானாக நிரப்ப வேண்டாம் எனத் தளமே உலாவிக்கு அறிவிக்க வழி செய்தது. வங்கித் தளங்கள் பாதுகாப்பு கருதி இதனைப் பெரிதும் கையாண்டன. விளைவோ எதிர்மாறானது. ஒவ்வொரு முறையும் தட்டச்சிட வேண்டியிருந்தால் மக்கள் எளிய கடவுச்சொல்லையே தேர்வர். மேலும், சேமித்த கடவுச்சொல்லை உலாவி உரிய முகவரியில் மட்டுமே நிரப்பும். போலித் தளத்தில் நிரப்பாது. தடை இக்காப்பையும் நீக்கிவிடுகிறது. எனவே 2013-15 காலத்தில் இன்டர்நெட் எக்சுபுளோரர் 11, குரோம், பயர்பாக்சு ஆகியவை கடவுச்சொல் பெட்டிகளில் இத்தடையைப் பொருட்படுத்தாது விட்டன. பின்செல் பொத்தானைச் சிக்க வைக்க, பயனர் பார்க்காத பக்கங்களை வரலாற்றில் செருகும் உத்தியையும் குரோம் 2019 முதல் தாண்டிச் செல்கிறது.

தொடர்வண்டி முன்பதிவு

தடைக்கு நியாயம் உள்ள இடமும் உண்டு. தேனி அல்லிநகரம் நகராட்சிப் பகுதி மக்களுக்கு மீட்டர் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டபின் தொடர்வண்டியே இல்லாதிருந்தது. மதுரை-தேனி அகலப்பாதை 2022 மே மாதமும், போடிநாயக்கனூர்-சென்னை விரைவுவண்டி 2023 சூன் 15 அன்றும் தொடங்கின. வாரம் மூன்று நாள் எனத் தொடங்கிய அவ்வண்டியில் அவசரப் பயணத்திற்கு இடம்பெற, முந்தைய நாள் தட்கல் முன்பதிவையே நாட வேண்டும். குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் ஏனையவற்றுக்கு 11 மணிக்கும் அது திறக்கும். தேவை மிகுந்த நாட்களில் நொடிகளே இடத்தைத் தீர்மானிக்கின்றன.

படிவத்தை நொடியில் நிரப்பும் மென்பொருள்களை முகவர்கள் பயன்படுத்தியதால், ஐ.ஆர்.சி.டி.சி தளம் வேகத்திற்கே வரம்பிட்டது. 2018இல் அறிவிக்கப்பட்டபடி, பயணியர் விவரங்களுக்குக் குறைந்தது 25 நொடிகளும், பணம் செலுத்த 10 நொடிகளும் கழிய வேண்டும். இதில் உலாவியைத் தடுப்பதைவிட, அதனால் கிடைக்கும் முந்துதலைப் பயனற்றதாக்குவதே நோக்கம். பயணியர் பெயர்களை முன்கூட்டியே சேமித்துவைக்கும் பட்டியலை அத்தளமே தருவதும் குறிப்பிடத்தக்கது.

இவ்வரம்புகளும் முழுப்பயன் தரவில்லை. 2020 அக்டோபரில், தட்கல் படிவத்தை விரைந்து நிரப்பும் செயலிகளை உருவாக்கியதாகத் திருப்பூரைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரைத் தொடர்வண்டிப் பாதுகாப்புப் படை கைது செய்தது. அச்செயலிகளைப் பயன்படுத்தியோரில் வீட்டிலிருந்தே தமக்காக முன்பதிவு செய்த சாதாரணப் பயணிகளும் அடங்குவர் என்பது கருதத்தக்கது.

2025 சூலை 1 முதல் இணையவழித் தட்கல் முன்பதிவு ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே என்றாக்கப்பட்டது. சூலை 15 முதல் ஆதார்வழி ஒருமுறைக் கடவுச்சொல்லும் கட்டாயமானது. முகவர்கள் முதல் 30 நிமிடங்களுக்கு முன்பதிவு செய்ய இயலாது.