முழுக்கு நாளுக்கு முன் காணும் துளி

காவலூர் என்றவுடன் பலருக்கு வானாய்வு நிலையமே நினைவிற்கு வரும். ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நிலையத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பெற்றது. அங்கே காண்பவை யாவும் நாளும் நேரமும் குறித்தே பதிவு செய்யப்பெறும். அம்மலையிலும் பிற ஊர்களிலும் வாழும் நம் இல்லத்தரசியர் தம் உடலைப் பற்றி வைக்கவேண்டிய கணக்கும் அத்தகையதே.

மாதவிலக்கு வரவேண்டிய நாளுக்குச் சில நாட்கள் முன்னரே, இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஓரிரு துளி படுவதுண்டு. "இம்மாதம் முந்தி வந்துவிட்டது" என்று தலைமுழுகி, அத்துடன் அதை மறந்துவிடுவோர் உளர். முழுகியவள் முழுகாதிருக்கிறாள் என்று எவரும் எண்ணுவதில்லை. இடர் தொடங்குவது இங்கேதான்.

கருமுட்டை வெளிப்பட்ட 6 முதல் 12 நாட்களுக்குள், கருவுற்ற முட்டை கருப்பையின் உட்சுவரில் பதிகிறது. அந்நாட்களையொட்டிச் சிறிது இரத்தம் கசியக்கூடும். ஆயினும், துளி கண்டதும் கரு தரித்துவிட்டதெனக் களிப்பதும் பொருந்தாது. சுரப்பு நீர்களின் ஏற்றத்தாழ்வு, கருத்தடை மாத்திரை, கருப்பை வாயில் தொற்று ஆகியவற்றாலும் அவ்வாறு நேரலாம். துளியின் நிறத்தையும் அளவையும் கொண்டு காரணத்தைத் துணிதல் இயலாது.

காலம் தாழ்த்துவதால் வரும் இழப்போ பெரிது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்குத் துணைபுரியும் போலிக் அமில மாத்திரையைக் கருவை எதிர்நோக்கும்போதே உட்கொள்ளத் தொடங்குதல் நலம். துளியை விலக்கெனக் கொண்டால் பேறுகாலக் கணக்கும் பிழைபடும்.

ஆகவே செய்யத்தக்கது எளிது. துளி கண்ட நாளை நாட்காட்டியில் அன்றே குறித்துவிடுங்கள். வழக்கமான நாள் கடந்தும் முறையான விலக்கு வராவிடில், காலையில் கழிக்கும் முதற் சிறுநீரைக் கொண்டு சோதனை செய்யுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரை அணுகினால் வழிகாட்டுவார். கரு இல்லை எனக் காட்டியும் விலக்கு வராவிடில், ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும்.

ஒன்றில் மட்டும் காத்திருத்தல் ஆகாது. கருவுற்றோரில் நூற்றுக்கு ஓரிருவருக்குக் கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகிறது. அதற்கும் முதல் அடையாளம் சிறு துளியாகவே இருக்கலாம். அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டையில் நோவு, தலைச்சுற்றல், மயக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்தால், விடியட்டும் என்றிராமல் உடனே 108 ஊர்தியை அழையுங்கள். மலையினின்று ஆலங்காயத்திற்கோ வாணியம்பாடிக்கோ இறங்கவேண்டியோருக்கு ஒவ்வொரு நாழிகையும் உயிர் காக்கும் நாழிகையாகும்.

கணவர்களுக்கும் மாமியர்க்கும் ஒரு சொல். தீட்டு என்று ஒதுக்கி வைத்த வீட்டில், பெண் தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஐயுறாமலும் கடிந்துகொள்ளாமலும் "உடம்பு எப்படியிருக்கிறது?" என்று கேளுங்கள். அவள் தயங்காது விடை சொல்லும் இல்லத்தில் தாயும் சேயும் பிழைப்பர்.