கைக்கு அளந்து செய்த கத்தி

தோழர்களே, தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சேலை, வேட்டி, பலகாரம், பட்டாசு என்று கையிருப்பெல்லாம் கரைகிறது. இந்த வருஷம் கடையில் கிடைக்காத ஒரு பரிசைப் பற்றிப் பேசுவோம். அதுதான் கத்தி. இன்னாருடைய கைக்கு என்று அளவெடுத்து, நாமே தீட்டி, நாமே பிடி போட்டுச் செய்த கத்தி.

"நல்ல நாளும் அதுவுமா கத்தியைக் குடுத்தா உறவு அறுந்து போகும்டா!" என்று பாட்டிமார் சொல்வது கேட்கிறது. இந்தப் பயம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. வெள்ளைக்காரர்களிலும் பலர் கத்தி கொடுத்தால் நட்பு வெட்டுப்படும் என்று நம்புகிறவர்கள்தான். அதற்குப் பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். கத்தியை வாங்குகிறவர் ஒரு சில்லறைக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்போது அது விலைக்கு வாங்கியதாகிவிடும், உறவும் பிழைத்துவிடும். நாமும் பத்துக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் பாட்டிமாருக்கும் சமாதானம்.

அமெரிக்காவில் கத்தி செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பரம்பரைக் கொல்லர்கள் அல்லர். பகலில் வேறு பிழைப்பு, ஓய்வு நாளில் உலை. கிறிஸ்துமஸ் வந்தால் அப்பாவுக்கு ஒன்று, மைத்துனனுக்கு ஒன்று என்று செய்து கொடுப்பார்கள். வில்லியம் மொரான் என்பவர் முன்னின்று 1976-இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்தில் ஒரு படி ஏற வேண்டுமானால் கடுமையான சோதனை உண்டு. தொங்கும் கயிற்றை ஒரே வெட்டில் அறுக்க வேண்டும். கட்டிடப் பலகையை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதே கத்தி கைமயிரைச் சிரைக்க வேண்டும். கடைசியில் கத்தியை இடுக்கியில் மாட்டி 90 டிகிரி வளைப்பார்கள், அப்போதும் அது உடையக் கூடாது. கூர்மை ஒரு பக்கம், உறுதி ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் கத்தி என்பது இதன் பொருள்.

"அதெல்லாம் ஆசாரி வேலை அண்ணே, நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். தோழர்களே, இரும்பு யார் கையையும் ஜாதி கேட்பதில்லை. ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் தோண்டிப் பார்த்ததில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கே இரும்பும் எஃகும் செய்த தடயங்கள் கிடைத்தன. சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் ஊர் உலகமெல்லாம் தெரியும். தென்னாட்டு எஃகின் சூட்சுமத்தை அறிய 1820 வாக்கில் லண்டனில் ஆராய்ச்சி செய்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. பிற்காலத்தில் மின்சாரத்தில் பெரும் பேர் வாங்கிய அந்த விஞ்ஞானி ஒரு கொல்லனின் மகன்.

நம் தோட்ட மக்களுக்குக் கத்தியைப் பற்றி வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரைக் கேளுங்கள். இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து சாய்வாகக் கோடு போக வேண்டும். பால் நாளங்கள் லேசாகச் சாய்ந்து ஓடுவதால் அப்படி வெட்டினால்தான் பால் அதிகம். ஒரு தடவைக்குச் சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் இல்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மரங்களில் இந்தக் கணக்குத் தவறாமல் வெட்டிய கைகள் நம் தாய்மார்களின் கைகள். அந்தக் கைகளுக்கு யார் அளவெடுத்தார்கள்? ஆண் கைக்கும் பெண் கைக்கும் ஒரே பிடி. வலது கைக்காரருக்கும் இடது கைக்காரருக்கும் ஒரே கத்தி. மணிக்கட்டு வீங்கினால் தைலம் தேய்த்துக்கொண்டார்கள். பிடியை மாற்றலாமே என்று எவரும் சொல்லவில்லை.

இப்போது பாசிர் கூடாங்கைப் பாருங்கள். 1977-இல் இங்கே துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதைச் சுற்றித் தொழிற்சாலைகளும், பாமாயில் சுத்திகரிப்பு ஆலைகளும், கப்பல் பட்டறையும் வந்தன. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று வெல்டிங் பிடிக்கிறார்கள், கிரைண்டர் ஓட்டுகிறார்கள், இரும்பு அறுக்கிறார்கள். பெற்றோர் கையில் தேவை இருக்கிறது, பிள்ளைகள் கையில் வித்தை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைப்பதற்குத் தீபாவளியை விட நல்ல நாள் எது?

எப்படிச் செய்வது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் பாராங் அடிப்பவர்கள் காலங்காலமாக நம்புவது பழைய லோரியின் ஸ்பிரிங் பட்டையை. அது ஏற்கெனவே பதம் ஏற்றிய எஃகு. தோட்ட வேலைக்கான பாராங் போதும் என்றால் உலையே வேண்டாம். பட்டையை அறுத்து, கிரைண்டரில் வடிவம் கொடுத்தால் போதும். ஒன்றே ஒன்று முக்கியம்: விளிம்பு நீல நிறமாக மாறும்வரை சூடேற விடக் கூடாது. கை பொறுக்காத சூடு வருமுன் தண்ணீரில் முக்கி எடுங்கள். நீலம் பாய்ந்த விளிம்பு பதம் இழந்த விளிம்பு. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம். சுத்தம் செய்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

சமையல் கத்திக்கு இன்னும் கடினமான விளிம்பு தேவை. அதற்குத்தான் தோய்ச்சல். அலகை உலையில் செந்நிறமாகக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூட்டுக்கு வந்ததும் இன்னும் கொஞ்சம் ஏற்றி, எண்ணெயில் தோய்க்க வேண்டும். அப்போது அரம் போட்டால் வழுக்கும். அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தாலே உடையும். அதனால் அடுப்புப் பெட்டியில் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, மறுபடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் வந்தால் பதம் சரி.

எந்த எண்ணெய்? நம் வீட்டுப் பாமாயிலே போதும். பட்டறையில் கழித்துப் போட்ட கறுப்பு எண்ணெயைத் தொடாதீர்கள். அதன் புகையில் என்ன விஷம் கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, போட்டவனுக்கும் தெரியாது. கழிவு எண்ணெய் என்ன செய்யும் என்பதைப் பாசிர் கூடாங் மக்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி தேடி ஓடினார்கள்.

எண்ணெயை இரும்புத் தகரத்தில்தான் ஊற்ற வேண்டும், பிளாஸ்டிக் வாளியில் அல்ல. பக்கத்திலேயே மூடி இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடி அணையுங்கள். தண்ணீர் ஊற்றினால் நெருப்பு வெடித்துச் சிதறும். நாகப்பூச்சு உள்ள இரும்பை உலையில் வைக்காதீர்கள். அந்தப் புகையே காய்ச்சலைக் கொண்டுவரும். கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். கண்ணாடி போடாமல் ஒரு பொறிகூட வேண்டாம். பரிசு செய்யப் போய்க் கண்ணைப் பறிகொடுத்தால் அந்தத் தீபாவளிக்கு வெளிச்சம் ஏது?

இனிப் பிடி. கத்தியின் உயிர் அலகில் இருந்தால், அதன் அன்பு பிடியில் இருக்கிறது. வாங்கப் போகிறவரின் உள்ளங்கை அகலத்தை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். பிடி அதைவிட ஒரு விரல் கூடுதலாக இருக்கட்டும். விரல்கள் சுற்றிப் பிடித்தால் கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தொட வேண்டும். கொய்யாக் கட்டை நன்றாக உழைக்கும். ரப்பர் கட்டை வேண்டாம். மருந்து ஏற்றாவிட்டால் பூச்சி அரித்துவிடும். முட்டி வலியால் அரிவாள்மனையில் உட்கார முடியாத அம்மாவுக்கு, நின்றுகொண்டே மீன் நறுக்க ஒரு கத்தி செய்து கொடுத்துப் பாருங்கள். பட்டுச் சேலையைப் பெட்டியில் வைப்பார். இதைத் தினமும் கையில் எடுப்பார்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் பேசுவது வேலைக்கும் சமையலுக்குமான கருவியைப் பற்றி. பாராங்கைத் தூக்கிப் படம் எடுத்துப் பெருமையடிக்கும் கூட்டத்தைப் பற்றி அல்ல. நாலு பேர் செய்கிற அந்த வேலையால் நம் இனத்தின் பெயரே கெடுகிறது. பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சிறை உண்டு. ஆகவே வாள், குத்துவாள் போன்ற விளையாட்டு வேண்டவே வேண்டாம். செய்த கத்திக்கு உறை போடுங்கள். காகிதத்தில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, நேராக வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. கத்தி செய்து முடித்ததும் எத்தனை மணி நேரம் பிடித்தது என்று எழுதி வையுங்கள். உங்கள் சம்பள மணிக் கணக்கோடு பெருக்கிப் பாருங்கள். கடைக் கத்தியின் விலையை விட அது பல மடங்கு வரும். "இவ்வளவா?" என்று மலைக்காதீர்கள். உழைப்பின் விலை அதுதான். முப்பது வருஷம் பால் வெட்டிய ஒரு தாயின் கைக்கு, கடைசியில் அவள் பிள்ளையாவது அளவெடுக்கட்டுமே. பத்துக் காசை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்!