கதவைத் தட்டும் யந்திரம்

காலையில் பால் பாக்கெட்டை எடுக்க வாசல் கதவைத் திறக்கிறீர்கள். வாசலில் நூறு பேர் வரிசையாக நிற்கிறார்கள்! ஒருவர் கையில் கடன் விண்ணப்பம். இன்னொருவர் கையில் மனைத் திட்டம். மூன்றாமவர் முடி வளரும் தைலத்தோடு வந்திருக்கிறார். அத்தனை பேருக்கும் உங்கள் பெயர் தெரிந்திருக்கிறது. "இதென்ன அநியாயம்!" என்று படாரென்று கதவைச் சாத்திவிட மாட்டீர்களா?

வாசலில் இப்படி நடப்பதில்லை. ஆனால் உங்கள் கைபேசியில் தினந்தோறும் இதுதான் நடக்கிறது. நாமும் சலித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அழிக்கிறோம்.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் நம் கஷ்டம் நமக்குத் தெரியும். அந்தப் பக்கம் நிற்பவரின் கதை என்ன? அதைத் தெரிந்துகொள்ள, வாருங்கள், அம்பத்தூர் வரை போய்விட்டு வரலாம்.

லேத்து பட்டறைகளின் ஊர்

சென்ட்ரலிலிருந்து ஆவடி மார்க்கத்தில் மின்சார ரயில் ஏறினால், கொரட்டூரும் பட்டரவாக்கமும் தாண்டி அம்பத்தூர். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர். 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தொழிற்சாலைகள். பக்கத்திலேயே கண்ணாடிச் சுவர் வைத்த கம்ப்யூட்டர் காரியாலயங்கள். ஒரே தெருவில் லேத்து மெஷினின் சத்தமும் கேட்கும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பெண்கள் டீ குடிக்கும் காட்சியும் தெரியும்.

அந்த ஊரில், ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, மாடி அறை ஒன்றில் இருக்கிறாள் நம் கதாநாயகி. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். கணவன் பட்டறையில் சூப்பர்வைசர். இவள் கம்ப்யூட்டர் படித்தவள். குழந்தை பிறந்ததும் உத்தியோகத்தை விட்டவள்.

கணவன் தினமும் வீட்டுக்கு வந்து புலம்புவது ஒரே விஷயம். பெரிய கம்பெனிகள் இரும்பைக் கொடுத்து, கடைந்து தரச் சொல்லிப் பட்டறைகளுக்கு அனுப்பும். இதற்கு 'ஜாப் ஒர்க்' என்று பெயர். எத்தனை வந்தது, எத்தனை போனது, சேதாரம் எவ்வளவு, சலான் எங்கே? ஜி.எஸ்.டி. சட்டப்படி, இப்படி அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிட வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துத் தேடினால் மண்டை காய்ந்துவிடும்.

இதற்காகவே ஒரு மென்பொருள் எழுதினாள் அவள். கணவனின் முதலாளி முதல் வாடிக்கையாளர். அவர் சொல்லி இன்னும் நாலைந்து பேர். உதவிக்கு இரண்டு பெண்களையும் வேலைக்கு அமர்த்திக்கொண்டாள். முதலீடு? அவள் கையிலிருந்த நாலு வளையல்கள்தாம்!

அதற்கு மேல் வியாபாரம் நகரவில்லை. "நல்ல சரக்கு என்னிடம் இருக்கிறது அக்கா. ஆனால் அது யாருக்கு வேண்டும், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை" என்றாள் என்னிடம்.

யந்திரம் என்ன செய்கிறது?

அப்போதுதான் அவள் யந்திரத்தின் உதவியை நாடினாள். யந்திரம் என்றால் சக்கரம் சுழலும் யந்திரமல்ல. அதுவும் ஒரு மென்பொருள்தான்.

இணையத்தில் கம்பெனிகளின் பக்கங்களையும் தொழில் டைரக்டரிகளையும் வேலை விளம்பரங்களையும் அது ஓயாமல் படிக்கிறது. "ஸ்டோர் கீப்பர் தேவை" என்று ஒரு பட்டறை விளம்பரம் செய்தால், அங்கே சரக்குக் கணக்கில் சிக்கல் இருக்கலாம் என்று குறித்துக்கொள்கிறது. முகவரியைத் தேடிப் பிடிக்கிறது. பெயரைப் போட்டுக் கடிதம் எழுதுகிறது. பதில் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் நினைவூட்டுகிறது. கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு படம் ஒன்றை ஒளித்துவைத்து, நீங்கள் கடிதத்தைத் திறந்தீர்களா என்றுகூட வேவு பார்ப்பதுண்டு! இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டதால், ஆயிரம் பேருக்கு ஆயிரம் விதமாகக் கடிதம் எழுத அதற்கு அலுப்பே கிடையாது.

இந்த ஆசை புதிதல்ல. 1978 மே மாதத்தில், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனியின் விற்பனை அதிகாரி கேரி துவெர்க், இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். "எங்கள் புதிய கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள்" என்பதுதான் விஷயம். கண்டனம் மழையாகப் பொழிந்தது. ஆனால் கம்ப்யூட்டர்களும் விற்றன என்று அவரே பின்னாளில் சொன்னார். வந்தது வினை! திட்டு வாங்கினாலும் சரக்கு விற்கும் என்று உலகம் கற்றுக்கொண்டுவிட்டது.

மூன்று நாளில் ஆறாயிரம்

நம் கதாநாயகியும் அப்படித்தான் நினைத்தாள். யாரோ ஒருவர் மலிவாக விற்ற முகவரிப் பட்டியலை வாங்கினாள். யந்திரத்தை முடுக்கினாள். மூன்று நாளில் ஆறாயிரம் கடிதங்கள்!

உருப்படியாக வந்த பதில்கள் இரண்டு. ஒன்று, "இனி எழுதினால் புகார் கொடுப்பேன்" என்ற வசவு. மற்றொன்று, "இதைவிடப் பெரிய பட்டியல் என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?" என்ற விசாரணை!

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாதக் கடைசியில் தன் பழைய வாடிக்கையாளர்களுக்கு பில் அனுப்பினாள். பணம் வரவில்லை. போன் போட்டுக் கேட்டால், "பில்லா? வரவே இல்லையே அம்மா!" என்றார்கள். வந்திருந்தது. குப்பைக் கடிதங்கள் விழும் ஸ்பாம் பெட்டியில் கிடந்தது. வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும் ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்க வேண்டும். கையில் வளையலும் இல்லை.

ஏன் இப்படி? தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் ஒன்றாகத்தான் நடத்துவார். மின்னஞ்சல் நிறுவனங்கள் அப்படி இல்லை. அனுப்பும் முகவரிக்கு நன்னடத்தைக் கணக்கு ஒன்று வைத்திருக்கின்றன. இல்லாத முகவரிகளுக்கு எழுதினால் அங்கே மதிப்புக் குறையும். பெறுகிறவர் "இது ஸ்பாம்" என்று பொத்தானை அழுத்தினால் இன்னும் குறையும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதைக் கடுமையாக்கின. ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களும் அதற்கு மேலும் அனுப்புவோர், கடிதம் தங்களுடையதுதான் என்று காட்டும் மின் முத்திரைகளைப் பதிக்க வேண்டும். விளம்பரக் கடிதங்களில், ஒரே தட்டலில் விலகிக்கொள்ளவும் வழிசெய்ய வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் கடிதத்துக்கு மூன்றே மூன்று பேர் முகம் சுளித்தால் போதும், ஆபத்து!

மாமியாரின் நோட்டுப் புத்தகம்

மருமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மாமியார், அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அந்த அம்மாள் ஒரு காலத்தில் அம்பத்தூரில் தெருத்தெருவாகப் போய்த் தவணைக்குப் புடைவை விற்றவர்.

நோட்டில் என்ன இருந்தது? எந்த வீட்டில் பெண்ணுக்கு நிச்சயமாகியிருக்கிறது, எந்த வீட்டில் சம்பளம் ஏழாம் தேதி, யாருக்குக் காஞ்சிப்பட்டு, யாருக்குச் சுங்குடி, எல்லாம் இருந்தன. சில பெயர்களுக்கு எதிரே ஒரு சுழி மட்டும் போட்டிருந்தது.

"இது என்ன அத்தை?"

"வேண்டாம்னு சொன்னவங்க. அந்த வீட்டுப் படியை ரெண்டாந்தரம் நான் மிதிச்சதில்லை. ஆனா தெருவிலே பார்த்தா அவங்க முகம் கொடுத்துச் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புதாண்டி என் முதல்!"

சுருக்கென்று தைத்தது மருமகளுக்கு. யந்திரம் செய்ததை எல்லாம் இந்த அம்மாள் ஒற்றைப் பென்சிலால் செய்திருக்கிறார். ஒன்றைத் தவிர: தேவை இல்லாதவர் கதவை அவர் தட்டவில்லை.

விலைக்கு வாங்கிய பட்டியலை அன்றே அழித்தாள். சில வாரங்கள் விளம்பரக் கடிதம் எதுவும் அனுப்பவில்லை. பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, ஸ்பாம் பெட்டியிலிருந்து தன் கடிதத்தை எடுத்துவைக்கச் சொன்னாள். பாதிச் சம்பளத்தை ஒன்றாம் தேதியும் மீதியைப் பத்தாம் தேதியும் கொடுத்தாள்.

பிறகு யந்திரத்துக்கு வேறு வேலை வைத்தாள். தேடுவது, குறித்துவைப்பது, நினைவூட்டுவது அதன் பொறுப்பு. யாருக்கு எழுதுவது என்பது இவள் பொறுப்பு. ஜாப் ஒர்க் செய்யும் இருபத்தைந்து பட்டறைகள். அவரவர் சங்கடம் இன்னதென்று அறிந்து நாலே வரியில் கடிதம். "வேண்டாமென்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், இனி எழுத மாட்டேன்" என்று அடியில் ஒரு வரி. சொன்னபடி நிறுத்தவும் நிறுத்தினாள். சிலர் பதில் போட்டார்கள். இருவர் நேரில் வரச் சொன்னார்கள். ஒருவர் வாங்கினார். ஆறாயிரம் கடிதம் தராததை இருபத்தைந்து கடிதம் தந்தது!

முகம் அறியாதவரிடம் விற்க முடியுமா என்று சந்தேகப்பட வேண்டாம். திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் நண்பருடன் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கின் முதல் வாடிக்கையாளர் யார் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கமுள்ள அட்வெல் காலேஜ் என்ற பள்ளிக்கூடம்! அந்தக் கம்பெனிதான் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. தூரம் ஒரு தடையே அல்ல. நம்பிக்கை இல்லாததுதான் தடை.

இனி, உங்களுக்கு

கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் உங்களுக்கும் சில ஆயுதங்கள் உண்டு.

வேண்டாத விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும் வந்தால், 1909 என்ற எண்ணில் உங்கள் விருப்பத்தைப் பதிவு செய்யலாம். மீறினால் புகாரும் கொடுக்கலாம். அறிந்த கடையின் மின்னஞ்சல் என்றால் அடியிலுள்ள விலகும் வசதியைத் தட்டுங்கள். முன்பின் தெரியாத கடிதமானால் உள்ளே இருக்கும் எந்த இணைப்பையும் தொடாதீர்கள். ஸ்பாம் பொத்தானை அழுத்துங்கள், போதும். உங்கள் சொந்த விவரங்களைக் காக்க 2023-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலாகின்றன. சம்மதம் கேட்காமல் விவரங்களைக் கையாளுவது இனி அத்தனை சுலபமல்ல. ஆனால் நீங்களே பகிரங்கமாக வெளியிட்ட விவரத்துக்கு அந்தச் சட்டத்தின் காவல் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். கடையில் பில் போடும்போது "போன் நம்பர்?" என்று கேட்டால், "எதற்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். தப்பே இல்லை.

வீட்டிலிருந்தபடியே ஊறுகாயோ உடையோ மென்பொருளோ விற்கிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. யந்திரம் ஆயிரம் கதவுகளைத் தட்டும். திறந்த கதவுக்குள் போகிறது உங்கள் பெயர். அது ஒருமுறை கெட்டால் மீட்பது கஷ்டம்.

நான் புறப்படும்போது மாடி அறையில் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் அந்தப் பழைய நோட்டுப் புத்தகம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் மருமகளின் கையெழுத்தில் புதிதாகச் சில பெயர்கள்; அவற்றில் இரண்டுக்கு எதிரே ஒரு சுழி.

அவள் கையைப் பார்த்தேன். ஒரு வளையல் திரும்பி வந்திருந்தது!