பழைய ஜிப்ஸிக்குப் புது வில்

பொங்கல் விழா முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து இலை அன்பர் மெதுவாகக் கேட்டார்: "சார், நீங்களும் பழைய ஜிப்ஸிதானே வைத்திருக்கிறீர்கள்? என் வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. நாலு ஷாக்கையும் மாற்றச் சொல்கிறான் மிஸ்திரி. மாற்றிவிடட்டுமா?" அதற்குள் பாயசம் வந்துவிட்டது. "அவசரப்படாதீர்கள், எழுதியே தருகிறேன்" என்று சொல்லிவைத்தேன். டேராடூனில் நம்மவர் வீட்டு வாசல்களில் இன்னும் சில ஜிப்ஸிகளும் பழைய ஜீப்புகளும் நிற்பதால், அவர் ஒருவருக்காக எழுத நினைத்ததை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் அல்ல. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு முறை தவறு செய்து, பணத்தையும் கொடுத்து, அம்மாவின் கோபத்தையும் வாங்கிக்கொண்டவன்.

மாருதி ஜிப்ஸி 1985-ல் வந்தது. 1996-ல் 1.3 லிட்டர் என்ஜினுடன் ஜிப்ஸி கிங் வந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 2019-ல் நின்றுபோயிற்று. என்னுடையது 1998-ஆம் வருடத்து கிங். 2009-ல் ஒரு நண்பரிடமிருந்து வாங்கினேன். எந்த மாடலாக இருந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பட்டை வில்தான். இங்குள்ள மிஸ்திரிகள் அதைக் கமானி என்பார்கள். நம் ஊரில் கட்டைவண்டி, வில்வண்டி என்று இரண்டு உண்டல்லவா? அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்ததால்தான் அது வில்வண்டி. ஜிப்ஸியின் அடியில் குனிந்து பார்த்தால் அதே சங்கதிதான் தெரியும்.

வில்லும் ஷாக் அப்ஸார்பரும் வேறு வேறு வேலை செய்கிறவை. குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. வண்டியின் எடையைத் தாங்குவது வில். பள்ளத்தில் இறங்கி ஏறிய வில் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக். சாதாரண ஷாக் எடையைத் தாங்காது. உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே திணறிப் போகிறது. அந்தத் திணறல்தான் ஆட்டத்தை நிறுத்துகிறது. ஆகவே வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, பின்பக்கம் தாழ்ந்து அச்சு அடிக்கடி மேலே இடித்தாலோ, ஷாக் மாற்றுவது கால்வலிக்குக் கண்ணாடி போடுவது போலத்தான். நான் செய்த முதல் தவறு அது. நாலு புது ஷாக் வாங்கி மாட்டினேன். வண்டி அதே சாய்வோடு நின்றது.

இரண்டாவது தவறு பெரியது. பட்டறையில், "ஒரு பட்டை கூடப் போட்டுவிடலாம் சாப், ராணுவ சரக்கு, யானை ஏறினாலும் அசையாது" என்றார்கள். சாய்வு போனால் சரி என்று பின்பக்க வில் இரண்டிலும் தடித்த பட்டை ஒவ்வொன்று சேர்த்தேன். வண்டி கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. எனக்கும் சந்தோஷம்தான்.

2012 ஆகஸ்டில் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். சக்ராதா பார்க்கலாம் என்று கிளம்பினோம். கால்சியில் அசோகர் கல்வெட்டைப் பார்த்துவிட்டு மலை ஏறினோம். போகும்போதே அம்மா இரண்டு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பும்போது தூறல். சஹியா தாண்டி ஒரு இறக்கத்து வளைவில், ரோடு அலை அலையாகப் பெயர்ந்திருந்த இடத்தில் பிரேக் போட்டேன். பின்சக்கரங்கள் தரையில் நிற்காமல் தத்தின. வண்டியின் பின்பாகம் ஒரு அடி, ஒன்றரை அடி பக்கவாட்டில் நகர்ந்து பள்ளத்துப் பக்கமே போயிற்று. தடுப்புக் கல் ஒன்றும் கிடையாது. எப்படியோ நின்றது. பின்னால் பக்கவாட்டு சீட்டில் என் பெண்ணும் மனைவியும். யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இந்த வண்டியிலே இனிமே என்னைக் கூப்பிடாதேடா" என்று சொன்னதோடு சரி.

அதற்கு என் ஓட்டமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் வில் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் சக்கரம் மேட்டிலிருந்து கீழே இறங்கி ரோட்டைப் பிடிக்க நேரம் கிடைப்பதில்லை. வண்டி காலியாக இருக்கும்போது இன்னும் மோசம். பிடிப்பு இல்லாத சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. "கெட்டி" என்பதும் "பத்திரம்" என்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதன் பிறகுதான் கணக்குப் பிள்ளையாக உட்கார்ந்தேன். பட்டை வில்லின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கையோடும் அகலத்தோடும் நேராகக் கூடுகிறது. நாலு ஐந்தானால் ஏறக்குறைய கால்பங்கு கூடும், அவ்வளவுதான். தடிமன் அப்படியல்ல, அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் அதே அளவில் 7 மில்லிமீட்டர் பட்டை என்றால், அந்தப் பட்டையின் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ன தெரியும்? கடைக்காரர் "கொஞ்சம் ஹெவி" என்று சொல்லும்போது உங்கள் பையில் ஒரு வெர்னியர் இருப்பது நல்லது.

ஆகவே வாங்குவதற்கு முன் அளவு. டயர்களில் சரியான காற்று அடித்து, சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து எழுதுங்கள். பிறகு வழக்கமாக ஏறுகிறவர்களை ஏற்றி, சாமான்களையும் வைத்து மறுபடி அளவுங்கள். என் வண்டியில் இடது பின்பக்கம் 3 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. பட்டைகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றில் விரிசல், இரண்டு துருவேறி ஒட்டிக்கிடந்தன. கூடுதல் பட்டை அந்த விரிசலை மறைத்துத்தான் வைத்திருந்தது.

அடுத்து, வண்டியில் என்ன ஏறுகிறது என்பதை நேர்மையாக எழுத வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு: நாலு பேர், 260 கிலோ, சாமான் 60 கிலோ, அதுவும் மாதத்தில் ஒருநாள். மற்ற நாட்களில் நானும் ஒரு காய்கறிப் பையும். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு இது பெரிய பாரமே இல்லை. கம்பெனி அளவு வில்லே போதும். முன்னால் இரும்பு பம்பர், வின்ச், பின்னால் எப்போதும் கருவிப்பெட்டி என்று ஓடுகிறவர்களுக்குத்தான் ஒருபடி கெட்டியானது வேண்டும். அதையும் எடை ஏறிய பக்கத்துக்கு மட்டும்.

பழைய வில்லை உலையில் காய்ச்சி அடித்து வளைத்துத் தருகிறவர்களும் உண்டு. செலவு குறைவு. ஆனால் வில் எஃகைக் காய்ச்சி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்த வேண்டும். அந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் பட்டை முறியும்; சூடு தப்பினால் சில மாதத்தில் பழையபடி தொங்கும். நடுவில் தடித்து முனையில் மெலிந்த, எண்ணிக்கை குறைந்த பேரபோலிக் வில் என்று ஒன்று உண்டு. அதில் பட்டைக்குப் பட்டை உராய்வு குறைவு, ஓட்டம் மிருது. அந்த உராய்வே பாதி ஷாக் வேலையைச் செய்துகொண்டிருந்ததால், அதோடு நல்ல ஷாக் கட்டாயம்.

நான் காஷ்மீரி கேட் சந்தைக்கு பஸ்ஸில் போய், ஆர்.சி. நகலையும் அளவுத் தாளையும் நீட்டி, கம்பெனி அளவில் நாலு வில் வாங்கி பார்சலில் போட்டுவிட்டு வந்தேன். புஷ், ஷாக்கிள் பின், யூ போல்ட், சென்டர் போல்ட் எல்லாம் புதிது. பழைய யூ போல்ட் நீண்டு போயிருக்கும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இனிமேல்தான் ஷாக். மட்கார்டை அழுத்தி விட்டு எத்தனை தரம் ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை, துருப்பிடித்த பட்டை வில்லில் ஏமாற்றும். ஷாக் செத்திருந்தாலும் ஆடாது. கழற்றிக் கையால் இழுத்து அழுத்திப் பாருங்கள். எண்ணெய் கசிந்திருந்தாலோ, நடுவில் எதிர்ப்பே இல்லாமல் சட்டென்று போனாலோ முடிந்தது. ஒரு அச்சுக்கு இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீளம் முக்கியம்: சக்கரம் மேலே வரும்போது சேஸிஸின் ரப்பர் கட்டை முதலில் இடிக்க வேண்டும், ஷாக் அடிமுட்டக் கூடாது. சக்கரம் தொங்கும்போது ஷாக் முழுக்க நீண்டு அச்சைத் தாங்கக் கூடாது. நைட்ரஜன் நிரப்பிய ஷாக்கில் எண்ணெய் நுரைப்பது குறைவு, நீண்ட மலைப்பாதைக்கு நல்லது. நகரத்து ஓட்டத்துக்குச் சாதாரண எண்ணெய் ஷாக்கே போதும்; அதை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தரம் இழுத்து அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். கம்பெனி வில்லுக்கு மிக விறைப்பான ஷாக் போட்டால் வில் திரும்பி எழுவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும்.

வண்டியை உயர்த்திக் கட்டும் ஆசை நம் பிள்ளைகளுக்கு உண்டு. உயர்த்தினால் பிரேக் ஹோஸ் எட்டாது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். தவிர, தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகிற நமக்கு இது வீண் வம்பு.

அம்மா அடுத்த வருடம் வந்தபோது ஸஹஸ்ரதாரா வரை முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். "பரவாயில்லை" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து இலை அன்பருக்கு: ஷாக்குக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வருகிற ஞாயிறு காலை வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். டேப்பும் வெர்னியரும் என்னிடம் இருக்கின்றன.