இழந்த ஏடுகளும் எழுந்த உரிமைகளும்: ஸ்டர்லிங் ஏர்ல் பட்ட வழக்கு (1839)

ஆய்வுச் சுருக்கம்

ஸ்காட்லாந்துக் கொடிவழி ஆய்வில் உயர்குடி வழித்தோன்றல் என உரிமை கோருவோர், சான்று கேட்கப்படும்போது ‘ஆவணம் அழிந்துவிட்டது’ எனக் காரணம் காட்டுவதுண்டு. அக்காரணத்தையே ஆய்வுக்கு உட்படுத்த இயலும் என்பதை, 1839ஆம் ஆண்டு ஸ்டர்லிங் ஏர்ல் பட்ட வழக்கின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொடிவழி, உயர்குடிப் பட்டம், பட்டயம், போலி ஆவணம், சான்றின்மை

முன்னுரை

ஸ்காட்லாந்தில் முன்னோரைத் தேடுவோர் பலர், உயர்குடி மூதாதை ஒருவரைப் பற்றிய வாய்மொழி மரபோடு தொடங்குகின்றனர். அதனை ஆவணத்தால் நிறுவ முற்படும்போது இடைவெளிகள் எதிர்ப்படுகின்றன. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் கட்டாய அரசுப் பதிவு அங்கு 1855இல்தான் தொடங்கியது. அதற்கு முற்பட்ட காலத்திற்குத் திருச்சபைப் பங்குப் பதிவேடுகளே முதன்மைச் சான்றுகள். அவற்றுள் மிகப் பழையதான எரோல் பங்கின் பதிவேடு 1553இல் தொடங்குகிறது; பல பங்குகளின் பதிவேடுகள் அதற்கு நெடுங்காலம் பிந்தியவை.

நாட்டின் நடுவண் ஆவணங்களும் இழப்புக்குத் தப்பவில்லை. குரோம்வெல் ஆட்சிக்காலத்தில் லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆவணங்களின் ஒரு பகுதி, 1660இல் திரும்பி வரும் வழியில் ‘எலிசபெத்’ என்னும் கப்பலோடு கடலில் மூழ்கியது. 85 பீப்பாய்களில் இருந்த ஏடுகள் அவ்வாறு அழிந்தன. ஆகவே ‘ஆவணம் அழிந்துவிட்டது’ என்னும் விடை பல நேரங்களில் உண்மையே. அவ்வுண்மையின் நிழலில் பொய்யும் ஒதுங்க முடியும் என்பதே சிக்கல்.

பட்டமும் அதன் பயனும்

கவிஞரும் அரசவைப் பணியாளருமான சர் வில்லியம் அலெக்சாந்தருக்கு மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1621இல் நோவா ஸ்கோசியா நிலப்பரப்பை வழங்கினார். 1633இல் முதலாம் சார்லஸ் அவரை ஸ்டர்லிங் ஏர்லாக உயர்த்தினார். இப்பட்டம் ஆண்வழி வாரிசுகளுக்கு உரியது. ஐந்தாம் ஏர்ல் 1739இல் இறந்தபின் பட்டம் ஏற்பாரின்றி நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அலெக்சாந்தர் ஹம்ஃப்ரிஸ் என்பவர் தம் தாய்வழியில் இப்பட்டத்தைக் கோரினார். தம்மை ஏர்ல் என அழைத்துக்கொண்டு, ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தம் சார்பாளரைத் தெரிவுசெய்யும் தேர்தலிலும் வாக்களித்தார். கோரிக்கை பட்டத்தோடு நிற்கவில்லை. முதல் ஏர்லுக்கு வழங்கப்பட்ட வட அமெரிக்க நிலவுரிமையும் தமக்கே உரியது என்றார். அந்நிலப்பரப்பில் பல்லாயிரம் குடியேறிகள் வாழ்ந்துவந்தனர். ஆதலின் ஒரு குடும்பத்தின் கொடிவழி, பிறர் வாழும் நிலத்தைத் தொடும் வழக்காயிற்று.

இக்கோரிக்கைக்கு இரண்டு சான்றுகள் தேவைப்பட்டன. பெண்வழி வாரிசும் பட்டம் பெறலாம் என்னும் அரச பட்டயம் ஒன்று. ஹம்ஃப்ரிஸின் தாய் முதல் ஏர்லின் வழியில் வந்தவர் என்னும் குடும்பச் சான்று மற்றொன்று. இரண்டும் காலப்போக்கில் ‘கிடைத்தன’.

காணாமற்போன தாள்கள்

முதலாவது, 1639 டிசம்பர் 7 என நாளிடப்பட்ட பட்டயத்தின் சுருக்கப்படி. மூலப் பட்டயம் கிடைக்கவில்லை. அரச முத்திரைப் பதிவேட்டிலும் அது காணப்படவில்லை. ஆனால் உரிய தொகுதியில் சில தாள்கள் காணாமற்போயிருந்தன. பட்டயம் அத்தாள்களில் இருந்திருக்கலாம் என்னும் வாதம் மறுக்க இயலாதது போலத் தோன்றியது. எனினும் பதிவேட்டுக்குப் பழைய அட்டவணைகள் எஞ்சியிருந்தன. இழந்த தாள்களில் எவை எழுதப்பட்டிருந்தன என்பதை அவை காட்டின. ஸ்டர்லிங் பட்டயம் அவற்றுள் இல்லை.

பட்டயத்தின் உள்ளடக்கமும் அதற்கு எதிராக நின்றது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஜான் ஸ்பாட்டிஸ்வுட், சான்சலர் என்னும் பதவிப் பெயரோடு அதில் சாட்சியாகக் குறிக்கப்பட்டிருந்தார். அவர் 1638இலேயே அப்பதவியை விட்டு நீங்கியவர். 1639 நவம்பரில், அதாவது பட்டயம் நாளிடப்பட்டதற்கு முந்திய மாதத்தில், இறந்தவர்.

நிலப்படத்தின் முன்பக்கமும் பின்பக்கமும்

இரண்டாவது சான்று பாரிஸிலிருந்து வந்தது. பிரெஞ்சு நிலப்பட அறிஞர் கியோம் டெலில் உருவாக்கிய கனடா நிலப்படம் ஒன்றின் பின்பக்கத்தில், ஹம்ஃப்ரிஸின் கொடிவழியையும் 1639ஆம் ஆண்டுப் பட்டயத்தையும் உறுதிசெய்யும் குறிப்புகள் இருந்தன. அவற்றுள் சில 1706, 1707ஆம் ஆண்டுகளுக்கு உரியனவாக நாளிடப்பட்டிருந்தன.

படம் முதலில் 1703இல் வெளிவந்ததால் அந்நாள்கள் பொருந்துவன போலவே இருந்தன. ஆனால் வழக்கில் காட்டப்பட்ட படியின் முன்பக்கம் டெலிலை ‘மன்னரின் முதன்மைப் புவியியலாளர்’ எனக் குறித்தது. அப்பதவி அவருக்கு 1718இல்தான் கிடைத்தது. 1718க்குப் பின் அச்சான தாளில் 1707இல் எவரும் எழுதியிருக்க முடியாது.

தீர்ப்பு

எடின்பரோவின் உயர் குற்றவியல் நீதிமன்றத்தில் 1839இல் ஹம்ஃப்ரிஸ் விசாரிக்கப்பட்டார. பட்டயப்படியும் நிலப்படக் குறிப்புகளும் போலி என நடுவர் குழு முடிவு செய்தது. அவற்றை அவரே புனைந்தார் என்பதோ, போலி என அறிந்தே பயன்படுத்தினார் என்பதோ ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்றும் கூறியது. குற்றவாளி, குற்றமற்றவர் என்னும் இரண்டுக்கும் அப்பால் ஸ்காட்லாந்துச் சட்டம் கொண்டிருந்த மூன்றாம் தீர்ப்பு இது.

முடிவுரை

இவ்வழக்கிலிருந்து கொடிவழி ஆய்வுக்கு மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, அழிந்த ஆவணமும் தடம் விட்டுச்செல்லும். அட்டவணை, 1617 முதல் பேணப்பட்டுவரும் நிலவுரிமைப் பதிவேடு, வாரிசுரிமை விசாரணைக் குறிப்பு ஆகியவற்றில் அத்தடத்தைத் தேடிய பின்னரே இழப்பைக் காரணமாக ஏற்க வேண்டும். இரண்டாவது, ஓர் ஆவணம் தன் காலத்திற்குப் பிற்பட்ட செய்தியை அறிந்திருந்தால், அதுவே அதற்கு எதிரான சாட்சியாகும். மூன்றாவது, போலி ஆவணம் கொடிவழியைப் பொய் என நிறுவுவதில்லை. நிறுவப்படாத நிலையிலேயே விடுகிறது.

இம்மூன்றாம் நெறியே கடைப்பிடிக்க அரியது. வெற்றிடத்தை உயர்குடிப் பெயரால் நிரப்பும் விருப்பமும், மரபுரை முழுவதையும் புனைவு எனத் தள்ளும் விரைவும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். சான்று முடியும் இடத்தில் கோட்டை நிறுத்தி, அதற்கு மேல் வெற்றிடமாகவே விடப்பட்ட கொடிவழியே அடுத்து வரும் ஆய்வாளருக்குப் பயன்படுவது.