குருதி எழுதும் மூளைப் படம்

இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடைப் பகுதி தேயிலைத் தோட்டங்களுக்கும் மாணிக்கக் குழிகளுக்கும் பேர்போனது. குழியிலிருந்து எடுத்த இல்லம் என்னும் கூழாங்கற் படிவைக் கூடையிலிட்டு நீரில் அலசுவர். சேறு கழிந்தோட, எடை மிகுந்தவை அடியில் தங்கும். நீலமும் புட்பராகமும் தேடும் கண்கள் பொருட்படுத்தாத கரிய சிறு கனசதுரங்களும் சில வேளை அவற்றிடையே கிடக்கும். 1904இல் அவை ஆனந்த குமாரசுவாமியின் ஆய்வுக்கு வந்தன. பின்னாளில் கலை அறிஞராக உலகம் போற்றிய அவர், அப்போது இலங்கைக் கனிம ஆய்வுப் பகுதியின் தலைவர். யுரேனியக் கனிமம் என்றே முதலில் கொண்டார். வேதியியலாளர் விண்டம் டன்ஸ்டன் அதனைத் தோரியம் ஈரொட்சைட்டு மிகுந்த புதுக் கனிமமெனக் கண்டார். தோரியனைட்டு என்ற பெயர் நிலைத்தது.

தோரியம் ஊடுகதிரைத் தடுக்கவல்லது. அந்தப் பண்பே அதனை மூளைக்கு இட்டுச் சென்றது. 1927இல் லிஸ்பனில் நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ், உயிருள்ள மனிதரின் மூளைக் குருதிக்குழாய்களை ஊடுகதிர்ப் படத்தில் காட்டினார். அப்போது அயடைட்டுக் கரைசலைச் செலுத்தியவர், சில ஆண்டுகளில் தோரியம் ஈரொட்சைட்டுக் கூழ்மமான தோரோட்ராஸ்டுக்கு மாறினார். படம் தெளிவாக விழுந்தது. உட்புகுந்த தோரியமோ வெளியேறவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கிக் கதிர் வீசி, பல ஆண்டுகள் கழிந்து புற்றுநோயாய் வெளிப்பட்டது. 1950களில் அதனைக் கைவிட்டனர். (பலாங்கொடைத் தோரியமே அம்மருந்தில் சேர்ந்ததென யான் கூறவில்லை, பொருள் ஒன்றே என்பதுதான் செய்தி.)

எதனையும் புகுத்தாமல் மூளையின் குருதியோட்டத்தைக் காணும் வழி குருதிக்குள்ளேயே இருந்தது. ஒட்சிசன் ஏற்ற ஈமோகுளோபினைக் காந்தம் மெல்ல விலக்கும். ஒட்சிசனை இழந்ததை ஈர்க்கும். லைனஸ் பாலிங்கும் சார்ள்ஸ் கோரியலும் 1936இலேயே இதனை அளந்து வெளியிட்டனர். இதனை மூளைப் படமாக்கியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய செய்ஜி ஒகாவா. எலிகளை வலிய காந்தப்புலத்தில் கிடத்திப் படமெடுத்தார். வழக்கமான காற்றைச் சுவாசித்தபோது மூளையில் கருங்கோடுகளாய்க் குருதிக்குழாய்கள் தெரிந்தன. தூய ஒட்சிசனைச் சுவாசிக்கவிட்டதும் அக்கோடுகள் மறைந்தன! 1990இல் இம்முடிவுகள் வெளியாயின. ஈராண்டுக்குள் மனித மூளையிலும் அவ்விளைவு காணப்பட்டது.

ஒகாவா கையாண்ட முறையான காந்தப் பரிவுப் படமெடுப்பில் (MRI) ஒளிர்வது உடல்நீரின் ஐதரசன் கருக்களே. மூன்று தெசுலாப் புலத்தில், அஃதாவது இலங்கையில் புவி தரும் காந்தப்புலத்தின் எழுபதாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வலிமையில், அக்கருக்கள் வினாடிக்கு ஏறத்தாழ 12.8 கோடி முறை சுழன்றசையும். ஒட்சிசன் இழந்த குருதி அருகிருப்பின் புலம் சற்றே கோணும், கருக்களின் ஒத்திசைவு குலையும், அவ்விடம் மங்கும். மூளையின் ஒரு பகுதி தொழிற்படுகையில், அது செலவிடும் ஒட்சிசனுக்கு மேலாகவே புதுக்குருதி பாய்கிறது. பழையது அடித்துச் செல்லப்பட, ஐந்தாறு வினாடியில் அவ்விடம் ஒளி கூடும். கூடுவது நூற்றுக்கு ஓரிரு பங்கே.

ஆகவே எண்ணத்தையே படமெடுத்துவிட்டதாக நாளேடுகள் எழுதுவது மிகை. நரம்புகளின் வேலையை நேரே காணாமல், அதன் பின்னே தாமதித்து வரும் குருதியையே இப்பொறி காண்கிறது. அவ்வொளியையும் கணக்கில் கவனமின்றித் தேடினால் எங்கும் காணலாம். 2009இல் கிரெய்க் பெனெற்றும் தோழரும் செத்த சால்மன் மீனொன்றைப் பொறியிலிட்டு மனிதர் படங்களைக் காட்டினர். பல்லாயிரம் புள்ளிகளை ஒருங்கே சோதிக்கையில் செய்யவேண்டிய புள்ளியியல் திருத்தத்தை விடுத்தபோது, அதன் மூளையும் 'வேலை செய்தது'. குறும்பான சோதனை, ஆயினும் அத்துறைக்கு மிக வேண்டியிருந்த சோதனை.

இன்னொரு திருத்தம் நம் மண்ணுக்கு நெருங்கியது. தோட்டங்களில் கொழுந்து பறிக்கும், இறப்பர்ப் பால் வெட்டும் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாயிருப்பது பழகிய செய்தி. ஈமோகுளோபின் குறைந்த குருதியில், மூளை அதே வேலையை அதே திறத்துடன் செய்தாலும் படத்தில் எழும் மாற்றம் சிறுத்துப்போகலாம். அதனை மூளையின் மந்தமெனப் படிப்பது பெரும்பிழை. யட்டியாந்தோட்டையிலிருந்து ஒரு பெண் இத்தகைய ஆய்வுக்கு வருவாராயின், பொறிக்குள் அவரைக் கிடத்துமுன் குருதி எடுத்து ஈமோகுளோபினை அளந்து, படத்தோடு அவ்வெண்ணையும் பதியவேண்டும்.