ஒரே கண்ணில் இரு நோய்: எந்தச் சத்திரசிகிச்சை?



“மூத்தம்மாவின் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது, வெட்டினால் சரியாகிவிடும்” என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. வெண்புரைக்கு அது உண்மைதான். மங்கிய வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை தெளியும். ஆனால் அதே கண்ணில் குளுக்கோமா என்னும் அழுத்த நோயும் இருந்தால்? அது பார்வை நரம்பை ஓசையின்றி அரிக்கும். அதனால் போன பார்வை திரும்பாது. மிஞ்சியதைக் காக்க மட்டுமே முடியும்.

இரண்டும் சேர்ந்தவருக்கு வைத்தியர்கள் மூன்று வழிகளைக் கூறுவர்.

முதலாவது, வெண்புரையை மட்டும் அகற்றுவது. இதனால் அழுத்தமும் ஓரளவு குறையும். கண்ணின் வடிகால் கோணம் ஒடுங்கியவர்களுக்கு இந்தப் பலன் அதிகம். நோய் இலேசாக இருந்து, சொட்டு மருந்துக்கு அடங்கினால் இதுவே போதுமாகலாம்.

இரண்டாவது, அழுத்தத்துக்கான சத்திரசிகிச்சையை முதலில் செய்வது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிறு கதவுபோல் வெட்டி, உள்நீர் கசிய வழி அமைப்பார்கள். 1968இல் இங்கிலாந்தின் கெயர்ன்ஸ் என்ற வைத்தியர் விவரித்த முறை இது. அழுத்தம் நன்றாக இறங்கும். ஆனால் வெண்புரை விரைந்து முற்றும். பின்னர் அதை அகற்றும்போது திறந்த வழி அடைபடவும் கூடும்.

மூன்றாவது, இரண்டையும் ஒரே தடவையில் செய்வது. ஒரே மயக்க ஊசி, ஒரே வைத்தியசாலைத் தங்கல். எனினும் இரண்டாவது வழியைப்போல் அழுத்தம் இறங்குவதில்லை. புண் ஆறும்போது வழி மூடிவிடாதிருக்க மைட்டோமைசின் என்ற மருந்தை இடுவார்கள். வில்லையை எடுத்த துவாரத்தின் வழியாகவே இதையும் செய்யலாம், வேறிடத்திலும் செய்யலாம். பலனில் பெரிய வேறுபாடில்லை.

வில்லையை ஒலி அலையால் கரைத்து உறிஞ்சும் முறையை அமெரிக்காவின் கெல்மன் 1967இல் தொடங்கினார். அந்த இயந்திரமின்றிச் சிறு வெட்டால் எடுக்கும் முறையை 1976இல் ஆரம்பிக்கப்பட்ட மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பெருமளவில் கையாள்கிறது. அதன் ஆரோலேப் 1992 முதல் செயற்கை வில்லைகளை மலிவாகச் செய்து தருகிறது.

தேற்றாத்தீவு, களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறும் நமக்கு “ஒரே தடவை” என்பது இனிக்கும். ஆனால் பிறகு பல வாரங்கள் அடிக்கடி காட்டியே ஆகவேண்டும். துணைக்கு வர ஆளுண்டா என்பதையும் சேர்த்தே முடிவெடுங்கள்.

சிகிச்சைக்குப் பின் வுழூவின்போது கண்ணில் தண்ணீர் படக்கூடாது. குனிவதை வைத்தியர் தடுத்த நாட்களில் உட்கார்ந்து சைக்கினையால் தொழலாம். மார்க்கம் நோயாளிக்குத் தந்த சலுகை அது.

இன்னுமொன்று: உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ குளுக்கோமா இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக் கொள்ளுங்கள். வெண்புரைக்குத் திகதி வாங்குமுன், “அழுத்தம் எவ்வளவு? நரம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்கத் தயங்காதீர்கள்.